சுயவிபரக்கோவை: யாழ்ப்பாணத்தில் வேலை தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்தரம் முடித்தவர்கள், பட்டம் எடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள், தொழிற்பயிற்சி முடித்தவர்கள், கடையில் நின்றுகொண்டே வேறு வேலை பார்ப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. கோவையில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் நேர்முகத்தேர்வில் ஒரு கடதாசியைக் காட்ட முடியவேண்டும், அல்லது அதைப்பற்றி இரண்டு நிமிடம் தடுமாறாமல் பேச முடியவேண்டும். இரண்டும் முடியாத வரியை வெட்டிவிடுங்கள்.

அரச வேலைக்கும் இதே கோவையை அனுப்பலாமா?

கூடாது. வெள்ளிக்கிழமைகளில் வரும் அரச வர்த்தமானியில் பதவியோடு மாதிரி விண்ணப்பப் படிவமும் வரும். அதே இலக்க ஒழுங்கில், சொன்ன அளவுத் தாளில், சொன்ன மொழியில் படிவத்தை நிரப்புவதுதான் அங்கே வேலை. எவ்வளவு அழகான கோவை என்றாலும் படிவம் இல்லாவிட்டால் அது பார்வைக்கே போகாது.

இங்கே பிழைக்கும் இடங்கள் சில்லறையானவை, ஆனால் விண்ணப்பத்தையே நிராகரிக்கப் போதுமானவை. எந்தெந்த இலக்கங்கள் முதற்பக்கத்தில் வரவேண்டும் என்று அறிவித்தலில் சொல்லியிருந்தும், கொம்யூனிகேஷன் கடையில் தட்டச்சுச் செய்யும்போது வரி இறங்கி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். கடித உறையின் இடதுபக்க மேல்மூலையில் பதவியின் பெயரை எழுத மறந்துவிடுவார்கள். கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தாமலே அனுப்பிவிடுவார்கள். அதிபர், சமாதான நீதவான், சட்டத்தரணி என்று யார் அத்தாட்சிப்படுத்தலாம் என்பது படிவத்திலேயே இருக்கும். அவருக்கு முன்னால்தான் கையெழுத்து வைக்கவேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டு போகக்கூடாது. ஏற்கனவே அரச சேவையில் இருப்பவர் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்பவேண்டும். அவருடைய மேசையில் படிவம் சில நாட்கள் கிடக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பதிவுத்தபால் என்றால் பதிவுத்தபால்தான், அந்தப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முடிவுத் திகதிக்கு முதல்நாள் தபாற்கந்தோருக்கு ஓடுவது வேண்டாத வேலை.

இனி வருபவை தனியார் நிறுவனங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்குமான கோவை பற்றியவை.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?

விளம்பரம் எந்த மொழியில் வந்தது என்பதைவிட, கோவையை யார் வாசிக்கப்போகிறார் என்று பாருங்கள். வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு, ஹோட்டல் போன்றவற்றின் யாழ் கிளைக்கு ஆள் எடுக்கும்போதும் கோவை பெரும்பாலும் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குத்தான் போகும். உதயனிலோ வலம்புரியிலோ தமிழில் விளம்பரம் வந்திருந்தாலும் அங்கே ஆங்கிலக் கோவைதான் பொருத்தம். உள்ளூர்க் கடை, கூட்டுறவுச் சங்கம், தனியார் கல்வி நிலையம் என்றால் தமிழே போதும். ‘சொந்தக் கையெழுத்தில்’ என்று கேட்டிருந்தால் கையால்தான் எழுதவேண்டும். உங்கள் எழுத்தை அவர்கள் பார்க்க விரும்புகிறார்கள்.

நீங்கள் பேசும் ஆங்கிலத்தைவிட உயர்ந்த ஆங்கிலத்தில் கோவையை யாராவது எழுதித் தந்தால் நேர்முகத்தேர்வில் ஐந்தாவது நிமிடத்தில் அது தெரிந்துவிடும். சிறிய வசனங்களில் நீங்களே எழுதி, பிழை திருத்த மட்டும் ஒருவரிடம் கொடுங்கள்.

எத்தனை பக்கம்? என்ன ஒழுங்கு?

அனுபவம் இல்லாதவருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு இரண்டு. ஏ4 தாள், நான்கு பக்கமும் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் ஓரம், எழுத்து 11 புள்ளி, தலைப்புகள் 13. ஒரே எழுத்துரு. கரை போட்ட சட்டமும் பூங்கொடியும் வேண்டாம்.

மேலே பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், வசிக்கும் ஊர். அடுத்து இரண்டு மூன்று வரி அறிமுகம். அனுபவம் உள்ளவருக்கு அதன்பின் அனுபவம், பிறகு கல்வி; இல்லாதவருக்குக் கல்வி முதலில். பிறகு திறன்கள், மொழிகள், கடைசியில் நற்சான்று வழங்கும் இருவர். அனுபவத்திலும் கல்வியிலும் கடைசியாக நடந்தது முதலில் வரவேண்டும். முன்பள்ளியில் தொடங்கி எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாசிப்பவர் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலைத் தாண்டுவதற்குள் அடுத்த கோவையை எடுத்துவிடுவார்.

பெயரை எப்படி எழுதுவது? ஒவ்வொரு சான்றிதழிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. தந்தையின் பெயர் முன்னால் நிற்கும். அதனால்தான் அரச படிவங்கள் முதலெழுத்துக்களுடன் பெயரைத் தனியாகவும், அந்த முதலெழுத்துக்கள் குறிக்கும் பெயர்களைத் தனியாகவும் கேட்கின்றன. கோவையின் தலைப்பில் முதலெழுத்தும் பெயரும் போதும். முழுப்பெயரைத் தனிப்பட்ட விபரங்களுக்குள் ஒருமுறை எழுதுங்கள்.

சிக்கல் ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான். பிறப்பு அத்தாட்சியில் ‘தர்ஷன்’, அடையாள அட்டையில் ‘தர்சன்’. ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி மூன்றும் அடையாள அட்டையில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவேண்டும் என்பதால் கோவையிலும் அதையே எழுதுங்கள். பரீட்சைச் சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கின்றன என்ற சத்தியக்கடதாசி ஒன்றை முன்கூட்டியே முடித்து வைத்திருங்கள். வேலை கிடைத்தபிறகு அதற்காக அலைவது கடினம்.

இணையப் படிவங்கள் முதற்பெயரையும் குடும்பப்பெயரையும் தனித்தனிப் பெட்டியில் கேட்கும். கடவுச்சீட்டு இருந்தால் அதில் எது எங்கே இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். இல்லாவிட்டால் ஒரு முறையைத் தெரிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே பின்பற்றுங்கள். ஒரு நிறுவனத்தில் அப்பாவின் பெயராலும் மற்றதில் உங்கள் பெயராலும் அழைக்கப்படுவது வேடிக்கைதான், ஆனால் கோப்பைத் தேடும்போது அகப்படாது.

சமயம், திருமண நிலை, பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் போடவேண்டுமா?

இங்கே சுற்றும் மாதிரிக் கோவைகள் பல கலியாணப் பேச்சுக்குக் கொடுக்கும் குறிப்புப் போலத்தான் இருக்கின்றன. உயரம், நிறை, தந்தையின் தொழில், சமயம் என எல்லாம் வரும், நட்சத்திரம் மட்டும்தான் குறை. வேலைக்குத் தேவையில்லாத எதையும் போடாதீர்கள். சாரதி வேலைக்குச் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வாகன வகுப்புத் தேவை, பாதுகாப்பு உத்தியோகத்துக்கு உயரம் தேவை, கணக்காளருக்கு இரண்டும் தேவையில்லை.

அடையாள அட்டை இலக்கத்தைத் தெரிந்த நிறுவனங்களுக்குக் கொடுக்கலாம். முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் வரும், நிறுவனப் பெயரே இல்லாத விளம்பரங்களுக்குக் கொடுக்கவேண்டாம். அந்த இலக்கமே உங்கள் வயதைச் சொல்லிவிடும் என்பதையும் அறிந்திருங்கள். பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கமும் புதிய 12 இலக்க அட்டையின் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். வயதை மறைத்துவிட்டு அட்டை இலக்கத்தை எழுதுவதில் பயனில்லை.

படம் ஒட்டவேண்டுமா?

விளம்பரத்தில் கேட்டிருந்தால் ஒட்டுங்கள். வரவேற்பாளர், ஹோட்டல், விற்பனை வேலைகளுக்குப் பெரும்பாலும் கேட்பார்கள். கடவுச்சீட்டுக்கு எடுப்பது போன்ற, வெளிர்நிறப் பின்னணி உள்ள, அண்மையில் எடுத்த படமாக இருக்கவேண்டும். கலியாண வீட்டுப் படத்தில் உங்களை மட்டும் வெட்டி எடுத்தால் தோளில் இன்னொருவர் கை மிஞ்சியிருக்கும்.

‘குறிக்கோள்’ என்று ஒரு பகுதி எல்லா மாதிரியிலும் இருக்கிறதே?

அதைத் தூக்கிவிடுங்கள். ‘புகழ்பெற்ற நிறுவனமொன்றில் சவாலான பதவியொன்றைப் பெற்று எனது திறமைகளை வளர்த்துக்கொள்ளல்’ என்ற வசனம் ஒரே கணினியிலிருந்து ஊர் முழுக்கப் போயிருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் யார், என்ன செய்வீர்கள், எந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று எழுதுங்கள். உதாரணம்: ‘உயர்தர வணிகப் பிரிவு. இரண்டு ஆண்டுகள் மொத்த வியாபாரக் கடையில் பில், இருப்புக் கணக்கு. கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன்; உடனே வேலையில் சேரலாம்.’ வேலைக்கு வேலை மாறவேண்டிய பகுதி இதுதான்.

பரீட்சைப் பெறுபேறுகளை எவ்வளவு விரிவாக எழுதுவது?

உயர்தரத்தை ஒரு வரியில் எழுதலாம்: ‘க.பொ.த. உயர்தரம், 2022 (2023), வணிகப் பிரிவு: கணக்கீடு ஏ, வணிகக் கல்வி பீ, பொருளியல் சீ.’ சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடத்தையும் அட்டவணை போடத் தேவையில்லை. மொத்தச் சித்தியையும், கணிதம், ஆங்கிலம், தமிழ் மூன்றையும் எழுதினால் போதும். பட்டதாரிகள் சாதாரண தரத்தை ஒரு வரியோடு விடலாம். இஸட் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கானது, வேலை கொடுப்பவருக்கு அதனால் பயனில்லை.

ஆண்டை இரண்டாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கொரோனாக் காலத்தில் பரீட்சைகள் தள்ளிப்போனதில் 2022ஆம் ஆண்டு உயர்தரம் 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. சான்றிதழ் ஆண்டை மட்டும் எழுதினால் நடுவில் ஒரு வருடம் சும்மா இருந்ததுபோலத் தெரியும். எழுதிய ஆண்டை மட்டும் எழுதினால் சான்றிதழோடு பொருந்தாது.

பெறுபேறு குறைவாக இருந்தால்? மறைக்காதீர்கள், ஆனால் முன்வரிசையிலும் வைக்காதீர்கள். மூன்று பாடத்தில் இரண்டு எஸ் எடுத்தவர் அதன்பின் ஓர் உயர் தேசிய டிப்ளோமா முடித்திருந்தால் வாசிப்பவர் டிப்ளோமாவைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

வேலை அனுபவமே இல்லை. என்ன எழுதுவது?

யாழ்ப்பாணத்தில் இப்படிச் சொல்பவர்களில் பலருக்கு அனுபவம் உண்டு. அதை வேலை என்று அவர்கள் எண்ணுவதில்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் மூன்று இடங்களில் அது ஒளிந்திருக்கும்.

முதலாவது ரியூஷன். ‘ரியூஷன் சென்ரரில் படிப்பித்திருக்கிறேன்’ என்ற வரியை யாரும் நின்று வாசிக்கமாட்டார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கணித ஆசிரியர், தனியார் கல்வி நிலையம், கோண்டாவில். 2023 மே – 2024 டிசெம்பர். தரம் 8, 9. மொத்தம் 34 மாணவர். வாரம் 6 மணித்தியாலம். மாதப் பரீட்சை வினாத்தாள் தயாரித்தல், புள்ளிப் பதிவேடு, பெற்றோர் சந்திப்பு.’ காப்புறுதி நிறுவனம் இதில் பெற்றோரோடு பேசியதைப் பார்க்கும். அலுவலக வேலை கொடுப்பவர் பதிவேட்டைப் பார்ப்பார். ஆதலால் விளம்பரத்தில் எது கேட்டிருக்கிறதோ அதை வரியின் முன்னால் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது வீட்டுக் கடை. குடும்ப வியாபாரம் என்று நேராகவே எழுதலாம். ‘கடையில் உதவி’ என்பதற்குப் பதிலாக, நாளாந்தம் எத்தனை பில், யாரிடம் சாமான் கொள்வனவு, கடன் கொப்பியை யார் பார்த்தது, ஸ்டொக் எடுத்தது மாதம் ஒருமுறையா வாரம் ஒருமுறையா என்று எழுதுங்கள். அப்பா முகாமையாளர் என்று கையெழுத்து வைத்த சேவைக் கடிதம் மட்டும் வேண்டாம். முதலெழுத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மூன்றாவது ஊர் வேலை. சனசமூக நிலையப் பொருளாளராக இருந்தவர் பற்றுச்சீட்டு எழுதியிருப்பார், வங்கிக் கணக்கைக் கையாண்டிருப்பார், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்திருப்பார். செயலாளர் கூட்டக்குறிப்பு எழுதியிருப்பார், பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதியிருப்பார். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் முதலுதவிக் கொட்டகையில் நின்றவருக்கு, தனியார் மருத்துவமனை வேலைக்கு அது கட்டாயம் எழுதவேண்டிய வரி. விளையாட்டுக்கழகத்தில் ‘உறுப்பினர்’ என்பதை விட்டுவிடுங்கள். ஊரில் எல்லோரும் உறுப்பினர்தான்.

மேசன், தச்சு, மின்னிணைப்பு, வாகனத் திருத்தம் தெரியும். சான்றிதழ் இல்லை.

கோவை எழுதுவதற்கு முன் சான்றிதழைப் பாருங்கள். வேலை தெரிந்தவர்களின் திறனை மதிப்பீடு செய்து, மறுபடி வகுப்புக்குப் போகாமலே தேசிய தொழிற்தகைமைச் (என்.வீ.கியூ.) சான்றிதழ் வழங்கும் முறை இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். நைற்றா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் விசாரியுங்கள். எப்போது, எங்கே, யாரிடம் வேலை செய்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். ஆகவே பழைய மேஸ்திரிமாரிடம் கடிதம் எடுத்து, செய்த வேலைகளின் படங்களைத் திகதியோடு சேர்த்து வையுங்கள்.

கோவையில் ‘என்.வீ.கியூ. சான்றிதழ்’ என்று மட்டும் எழுதினால் போதாது, மட்டத்தையும் தொழிலின் பெயரையும் எழுதவேண்டும். இந்த முறையில் ஏழு மட்டங்கள் உண்டு. 3க்கும் 4க்கும் இடையிலேயே வேலை கொடுப்பவர் சம்பளத்தில் வித்தியாசம் பார்ப்பார். 5உம் 6உம் டிப்ளோமாத் தரம், 7 பட்டத்தரம். அதன்கீழ் செய்த வேலைகளை அளவோடு எழுதுங்கள்: ‘இரண்டு மாடி வீடு, மூன்று, முழு மின்னிணைப்பு’ என்றால் படிக்கிறவருக்கு விளங்கும்.

கணினி, ஆங்கிலம், சிங்களம் பற்றி எப்படி எழுதுவது?

ஐந்து நட்சத்திரத்தில் நான்கு நிரப்புவதால் ஒன்றும் தெரியாது. என்ன செய்யமுடியும் என்று எழுதுங்கள்: எக்செலில் சம்பளப் பட்டியல், வீலுக்அப் சூத்திரம், தமிழ்த் தட்டச்சு பாமினி, யுனிகோட் இரண்டும். பயிற்சி நெறி என்றால் எத்தனை மாதம், முடிவில் பரீட்சை இருந்ததா என்பதைக் குறிப்பிடுங்கள். வருகைச் சான்றிதழும் பரீட்சைச் சான்றிதழும் ஒன்றல்ல.

மொழியில் பேச்சு, வாசிப்பு, எழுத்து மூன்றையும் பிரித்து எழுதுங்கள். சிங்களம் ‘நன்று’ என்று எழுதியவருக்குக் கொழும்பிலிருந்து வரும் முதல் தொலைபேசி அழைப்பே சிங்களத்தில் இருக்கலாம். ‘பேசினால் விளங்கும், எழுதத் தெரியாது’ என்பதும் மதிப்புள்ள தகவல்தான்.

இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி இருக்கிறது. கேட்பார்களே?

கேட்பார்கள். பட்டதாரி நியமனத்துக்குக் காத்திருந்தது, வெளிநாடு போக முயன்றது, வீட்டில் நோயாளியைப் பார்த்தது எல்லாம் இங்கே யாருக்கும் புதிதல்ல. கோவையில் ஒரு வரி போதும்: ‘2022 – 2023: குடும்பப் பொறுப்பு, இக்காலத்தில் ஆங்கில டிப்ளோமா.’ திகதிகளை இழுத்து இடைவெளியை மூடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் சேவைக் கடிதத்திலும் ஊழியர் சேமலாப நிதிப் பதிவிலும் உண்மையான மாதங்கள் இருக்கும்.

அந்தப் பதிவு வேறு விதத்திலும் உதவும். பழைய முதலாளி சேவைக் கடிதம் தர மறுத்தால், உங்கள் பெயரில் அவர் நிதி செலுத்திய காலம் நீங்கள் அங்கே வேலை செய்ததற்கு ஆதாரமாகும். நிதியே கட்டாத இடம் என்றால் சம்பளச் சிட்டை, வங்கி வரவு, அந்த நிறுவனம் தந்த அடையாள அட்டை எதையாவது தேடி எடுங்கள்.

நற்சான்று வழங்குபவர்களாக யாரைப் போடுவது?

உறவினர் அல்லாத இருவர். ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்தவராக இருக்கவேண்டும், மற்றவர் விரிவுரையாளர் அல்லது அதிபர். பதவி, நிறுவனம், தொலைபேசி, மின்னஞ்சல் நான்கும் வேண்டும். போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். ‘யார் அந்தப் பிள்ளை?’ என்று அவர் தொலைபேசியில் யோசித்தால் அந்த ஓர் அழைப்போடு காரியம் கெட்டுவிடும். பழைய கோவையைப் புதுப்பிக்கும்போது அவர் இப்போதும் அதே பதவியில் இருக்கிறாரா, உயிரோடு இருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். காலமான அதிபர்களின் பெயர்கள் இன்னும் கோவைகளில் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

கொழும்புக்கு அனுப்பிய தமிழ்க் கோவை ‘வேறு மொழியில்’ தெரிகிறதாம். ஏன்?

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்ததால். பாமினி ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துரு. அது இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். கடையில் கொடுக்கும்போதே, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். எந்த மொழியானாலும் வேர்ட் கோப்பை அனுப்பாமல் பிடிஎவ் ஆக்கி அனுப்புங்கள். அப்போதுதான் பக்கம் உடையாது. வேர்ட் கோப்பையும் உங்கள் மின்னஞ்சலில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் ஒரு வரி மாற்றுவதற்கும் அதே கடைக்குத்தான் போகவேண்டும்.

பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் கோவையை முதலில் மென்பொருள் வாசிக்கும். அட்டவணைக்குள்ளும் படத்துக்குள்ளும் இருக்கும் எழுத்தை அது தவறவிடலாம். விளம்பரத்தில் உள்ள பதவிப் பெயரையும் திறன்களையும் அதே சொல்லில் எழுதுவது அங்கே உதவும்.

மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

விடயம் என்ற இடத்தில் பதவி, கிளை, உங்கள் பெயர். உள்ளே நான்கைந்து வரி போதும்: எங்கே, எந்தத் திகதியில் விளம்பரம் பார்த்தீர்கள், கேட்ட தகைமைகளில் முக்கியமான இரண்டு உங்களிடம் எப்படி இருக்கிறது, எப்போது சேரலாம், தொலைபேசி இலக்கம். வெறும் கோப்பை மட்டும் இணைத்து அனுப்புவது, கடிதத்தை மேசையில் போட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வருவது போன்றது. கோப்புக்கு ‘புதியது இறுதி 2’ என்றில்லாமல் உங்கள் பெயரையும் பதவியையும் வையுங்கள். கேட்காமல் சான்றிதழ்களை அனுப்பவேண்டாம். கேட்டால் இருபது தனிப்படமாக அல்லாமல் ஒரே பிடிஎவ்வாகச் சேருங்கள். பாடசாலைக் காலத்தில் விளையாட்டாகத் தொடங்கிய மின்னஞ்சல் முகவரியை விட்டுப் பெயரில் ஒன்று தொடங்குங்கள்.

கடையின் கணினியில் செய்தால் மின்னஞ்சலிலிருந்து வெளியேறி, கோப்பையும் அழித்துவிட்டு எழும்புங்கள்.

வெளிநாட்டு வேலைக்கு?

கனடா, பிரித்தானியாவுக்கு அனுப்பும் கோவையில் படம், வயது, சமயம், திருமண நிலை எதுவும் போடுவதில்லை. கீழே கையொப்பமிட்ட உறுதிமொழியும் தேவையில்லை. வளைகுடா நாடுகளுக்கு மாறாகப் படம், நாட்டினம், கடவுச்சீட்டு முடியும் திகதி எல்லாம் எதிர்பார்ப்பார்கள். தொலைபேசி இலக்கத்தில் முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 சேருங்கள். முகவர் ஊடாகப் போவதானால், கடவுச்சீட்டுப் பிரதியைக் கொடுப்பதற்கு முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் அவருக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

அனுப்பியபிறகு எவ்வளவு நாள் காத்திருப்பது?

முடிவுத் திகதி கழிந்து ஒரு வாரத்தின்பின் ஒருமுறை எடுத்துக் கேட்கலாம். ஒரு கொப்பியில் திகதி, நிறுவனம், பதவி, அனுப்பிய கோப்பின் பெயர் நான்கையும் எழுதி வையுங்கள்; இருபது இடத்துக்கு அனுப்பியவருக்கு, அழைப்பு வரும்போது இது எந்த வேலை என்றே தெரியாது. 011இல் தொடங்கும் தெரியாத இலக்கத்தை விளம்பர அழைப்பு என்று வெட்டிவிடாதீர்கள், அது கொழும்புத் தலைமை அலுவலகமாக இருக்கலாம்.

நேர்முகத்தேர்வுக்கு என்ன கொண்டுபோவது?

அனுப்பிய அதே கோவையின் இரண்டு பிரதி, அதில் உள்ள ஒழுங்கிலேயே அடுக்கிய மூலச் சான்றிதழ்கள், அவற்றின் உறுதிப்படுத்திய பிரதி ஒரு தொகுதி, அடையாள அட்டை, கேட்டிருந்தால் கிராம அலுவலர் நற்சான்றிதழ். ஒருவர் வரியைக் கேட்க நீங்கள் கடதாசியை உடனே எடுக்கவேண்டும், முழுப் பைலையும் மேசையில் கொட்டித் தேடக்கூடாது. மூலச் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். அவற்றை லமினேற் பண்ணவும் வேண்டாம். பின்னாளில் வெளிநாட்டுத் தேவைக்கு அத்தாட்சிப்படுத்தப் போனால் பிளாஸ்ரிக்கின்மேல் முத்திரை குத்தமுடியாது. கண்ணாடித்தாள் உறை போட்ட பைல் போதும்.